எஞ்சின் மாத்துன ஜீப்புல செல்ஃப் எடுக்கலையா, மோட்டார கழட்டுறதுக்கு முன்னாடி எர்த்த பாருங்க

எஞ்சின் மாத்துன வண்டில சாவிய திருப்புனா 'டக்'னு ஒரு சத்தம் மட்டும் வந்து நின்னுடுச்சுன்னா சுத்தி நிக்கிறவங்க சொல்ற மொத வார்த்தை 'செல்ஃப் போச்சு'ங்கறதுதான், அதாவது எஞ்சின சுத்தி எழுப்பற ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டுப் போச்சாம். கழட்டு, சேலத்துக்கு அனுப்பு, ஆர்மேச்சர் பாரு, கார்பன் மாத்து, ஃபீல்ட் காயில் கட்டுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. காசும் போயி வேலை நாளும் போயி மோட்டார் திரும்பி வந்து மாட்டுனா அதே 'டக்'. எங்க மாமா ஜீப்புலயும் அப்படித்தான் ஸ்பேனர் வெக்கிற வரைக்கும் போயிடுச்சு, அங்க நிறுத்தி மல்டிமீட்டர் வெச்சு பாத்ததுல கோளாறு மோட்டார்லயே இல்ல. ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் பக்கம் ஜீப் ஓட்டுறவங்க நெறைய பேரு பழைய எஞ்சின எறக்கிட்டு செகண்ட்ஸ் எஞ்சின் போடறாங்க, அவங்களுக்கு உதவும்னுதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மாமாவுக்கு நாகலூர் பக்கம் சின்ன காப்பித் தோட்டம், ஊடால சில்வர் ஓக்கு மரம், அதுல மொளகுக் கொடி. ஜீப்பு மகிந்திரா, 2523 சிசி டிஐ எஞ்சின். தோட்டத்துக்குள்ள காப்பி மூட்டை ஏத்தறதுலேர்ந்து அவசரத்துக்கு ஆளுங்கள ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது வரைக்கும் எல்லாம் அதுதான். எஞ்சின் பிரீதர்ல பொக அடிச்சு, ஆயில் குடிச்சு, ஏத்தத்துல மூச்சு வாங்கி, கடைசில கிராங்க் வரைக்கும் தேஞ்சு போச்சு. ஃபுல் வேலை செய்யற செலவுக்கு அதே வகை எஞ்சின் ஒன்ன நல்ல கண்டிஷன்ல போட்டுடலாம்னு முடிவாகி சேலத்துலயே ஒரு பட்டறைல மாத்துனாங்க. அதே மேக், அதே டைப் போட்டாலும் எஞ்சின் நம்பர் மாறுதில்ல, அத ஆர்சி புக்ல ஏத்தியே ஆகணும், மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52-வது பிரிவு இந்த மாற்றத்தப் பத்திதான் சொல்லுது, இன்சூரன்ஸுக்கும் நம்பர் ஒத்துப் போகணும். எஞ்சின் வாங்குன பில்லு, பழைய எஞ்சினோட விவரம் ரெண்டையும் பத்திரமா வெச்சுக்கோங்க. இது வேற விஷயம், ஆனா இத விட்டுட்டு பின்னாடி செக்போஸ்ட்ல கைய பிசையறவங்கள பாத்திருக்கேன்.

பட்டறைல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே சுத்துல எஞ்சின் புடிச்சுச்சு, சத்தமும் சுத்தமா இருந்துச்சு. டிரைவர் தம்பி வண்டிய எடுத்துக்கிட்டு அடிவாரம் வழியா மேல ஏறிட்டான். இருபது கொண்டை ஊசி வளைவும் எங்கயும் எஞ்சின நிறுத்தாமலே ஏறிட்டான், புது எஞ்சின் இழுக்கற இழுப்புல அவனுக்கு ஒரே சந்தோஷம். வழில ஒரே ஒரு விஷயம் அவன் கண்ணுல பட்டிருக்கு, மேல ஏறும்போது பனி மூடுதுன்னு ஹெட்லைட் போட்டிருக்கான், போட்ட உடனே டெம்பரேச்சர் முள்ளு ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகந்திருக்கு, அணைச்சா பழைய எடத்துக்கே வந்திருக்கு. அத அவன் மாமாகிட்ட சொல்லவும் செஞ்சான். புது எஞ்சின், மீட்டர் ஒயர் ஏதாவது லூசா இருக்கும்னு விட்டுட்டாங்க. இந்த முள்ளு விஷயத்த மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

மறுநாள் காலைல சாவி போட்டா 'டக்'. திரும்ப போட்டா 'டக்'. லைட் நல்லா எரியுது, ஹாரன் நல்லா அடிக்குது. மலைல எப்பவும் எறக்கத்துல நிறுத்தற பழக்கம் இருக்கறதால ரெண்டாவது கியர்ல உருட்டி கிளட்ச விட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. இந்த எஞ்சின்ல டீசல் பம்ப் மெக்கானிக்கல், கரன்ட்டே இல்லனாலும் எஞ்சின் சுத்துனா போதும், ஓடும். அதனால அப்படியே உருட்டி உருட்டி ஓட்டிட்டு இருந்தாங்க. காப்பிப் பறிப்பு நேரம் வேற, வண்டிய பட்டறைல விடவும் முடியல. ஆனா சமதளத்துல நின்னா ஆள் வெச்சு தள்ளணும், மேட்டுல நின்னுட்டா அதுவும் முடியாது. மாமா போன் பண்ணாரு. "மாப்ள, செல்ஃப் போயிடுச்சாம், கழட்டித் தரேன்னு எலக்ட்ரீஷியன் வந்திருக்காரு, சேலத்துல நல்ல ஆர்மேச்சர் கட்டுறவர் யாரையாவது பாத்து வெய்யி"ன்னாரு.

நான் ஆத்தூர் ரோட்டுல ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்கறவன். மோட்டார் சுத்தலன்னு ஆப்பரேட்டர் சொன்னா மோட்டார கழட்டறதுக்கு முன்னாடி மோட்டாருக்கு வோல்டேஜ் வருதான்னு பாக்கறதுதான் எங்க பொழப்பு. "மாமா, கழட்ட வேணாம்னு சொல்லுங்க, நான் ஞாயித்துக்கிழம வரேன்"னு சொல்லிட்டு மீட்டர், ஜம்பர் கேபிள், எமரி பேப்பர் எல்லாம் எடுத்துக்கிட்டு மேல போயிட்டேன். எனக்கு அப்பவே உறுத்துன ஒரு கேள்வி, பட்டறைல ஒரே சுத்துல எடுத்த மோட்டார் ராத்திரி சும்மா நின்னதுல எப்படி கெட்டுப் போகும்?

மேல போனதும் பட்டறைக்கு போன் போட்டு மெக்கானிக் அண்ணாகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு மொதல்ல ஸ்டார்ட் பண்ணப்ப வண்டி பேட்டரிலதான் பண்ணீங்களா?" அவரு யோசிச்சுட்டு, "இல்ல தம்பி, வண்டி ரொம்ப நாளா நின்னதால பேட்டரி எறங்கியிருந்துச்சு, நம்ம பட்டறை பேட்டரில ஜம்பர் குடுத்துதான் எடுத்தோம், அப்புறம் எஞ்சின நிறுத்தாமலே வண்டிய குடுத்துட்டேன், ஓட்டத்துலயே சார்ஜ் ஏறிடும்ல"னாரு. ஜம்பரோட மைனஸ் கிளிப்ப எங்க மாட்டுனீங்கன்னு கேட்டதுக்கு, "எஞ்சின் கொக்கிலதான், எப்பவும் அப்படித்தானே மாட்டுவோம்"னாரு. அவரு செஞ்சது சரியான மொறைதான், மைனஸ நேரா எஞ்சின்ல குடுக்கறதுதான் நல்லது. ஆனா அந்த பதில்லயே எனக்கு பாதி வெளங்கிடுச்சு.

ஜீப்புல பேட்டரி மைனஸ் சேஸிக்கு, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துக்கு போகும். செல்ஃப் மோட்டாருக்குன்னு தனியா மைனஸ் ஒயர் கெடையாது, மோட்டாரோட உடம்புதான் அதோட மைனஸ். அந்த உடம்பு பெல் ஹவுசிங்ல (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற கூடு) போல்ட் ஆகியிருக்கு, பெல் ஹவுசிங் எஞ்சினோட ஒட்டியிருக்கு. ஆனா எஞ்சினும் கியர்பாக்ஸும் சேஸி மேல நேரா உக்காரல, மவுண்டிங் ரப்பர் மேல உக்காந்திருக்கு. ரப்பர் கரன்ட்ட விடாது. அதனாலதான் சேஸிலேர்ந்து எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு எர்த் ஸ்ட்ராப், செம்புக் கம்பி பின்னுன பட்டையா இருக்கும், போட்டிருப்பாங்க. எஞ்சின் எறக்கறப்ப மொதல்ல கழட்டற சாமான்ல அதுவும் ஒண்ணு, ஏத்தறப்ப எல்லாத்தையும் மாட்டி முடிச்சு கைய கழுவற நேரத்துல மறந்து போற சாமானும் அதுதான், ஏன்னா அது இல்லாமலும் லைட் எரியும், ஹாரன் அடிக்கும், வண்டி ஓடும். பட்டறைல ஜம்பரோட மைனஸ் நேரா எஞ்சினுக்கே போனதால அது இல்லாத கொற அங்க தெரியல.

மோட்டாருக்குள்ள போற கரன்ட்டுக்கு கணக்கு எப்படின்னா, ஹெட்லைட் பல்பு ஒண்ணுக்கு அஞ்சு ஆம்பியர் அளவுக்கு போதும், டீசல் எஞ்சின சுத்தற செல்ஃபுக்கு ஆம்பியர் நூத்துக் கணக்குல வேணும், அதுவும் நின்ன எடத்துலேர்ந்து கெளம்பற அந்த நொடிலதான் ரொம்ப அதிகமா இழுக்கும். அரை இஞ்ச் பைப்புல பாத்ரூம் டேப் நல்லாத்தான் வரும், அதே பைப்ப வெச்சு வயலுக்கு தண்ணி பாய்ச்ச முடியுமா? அதனால லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்ப ஒயர் எல்லாம் ஓகேன்னு முடிவு பண்றது செல்ஃப் விஷயத்துல செல்லாது. டெஸ்ட் லைட் எரிஞ்சாலும் செல்லாது, ஓம்ஸ்ல வெச்சு 'பீப்'னு சத்தம் வந்தாலும் செல்லாது. பட்டையில நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். லோடு இருக்கறப்ப, அதாவது சாவிய ஸ்டார்ட்ல புடிச்சிருக்கறப்ப, எந்தெந்த எடத்துல எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு பாக்கணும், அதுதான் சரியான சோதனை.

சோதனைக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போடணும், சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வெக்கணும். மெக்கானிக்கல் பம்ப் இருக்கற டீசல் எஞ்சினுக்கு சாவி ஆஃப்ல இருந்தாலும் செல்ஃப் சுத்துனா ஸ்டார்ட் ஆயிடும். ஸ்க்ரூடிரைவர வெச்சு சொலினாய்டு (செல்ஃப் மேல உக்காந்து மோட்டாருக்கு கரன்ட் விடற சுவிட்ச்) ரெண்டு முனையையும் ஷார்ட் பண்ணி பாக்கறவங்க வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே பண்றாங்க, கியர்ல இருந்துச்சுன்னா வண்டி ஆள் மேல ஏறிடும். அதனால டிரைவர் தம்பிய சீட்ல உக்கார வெச்சு, ஸ்டாப்பர் குமிழ நல்லா வெளிய இழுத்துப் புடிச்சுக்க சொன்னேன், அப்ப டீசல் கட் ஆயிடும், எஞ்சின் புடிக்காது. நகை, மோதிரம், இரும்பு வாட்ச் ஸ்ட்ராப் எல்லாம் கழட்டிடணும், பேட்டரி பிளஸ்லயும் வண்டி இரும்புலயும் ஒண்ணா பட்டா தோல் வெந்துடும்.

மொதல்ல பேட்டரி. சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட், நல்ல சார்ஜ். சாவிய திருப்பி புடின்னதும் 'டக்', பேட்டரி ரெண்டு முனைலயும் வெச்சு பாத்தா 11.8. இந்த ஒரு அளவுலயே பெரிய பதில் இருக்கு. பேட்டரி வீக்கா இருந்தாலோ, மோட்டார் உள்ள ஷார்ட் ஆகியிருந்தாலோ, எஞ்சின் ஜாம் ஆகியிருந்தாலோ வோல்டேஜ் மடார்னு கீழ விழுந்திருக்கும், 9.6க்கும் கீழ போனா பேட்டரிய சந்தேகப்படலாம். இங்க 11.8ல நிக்குதுன்னா பேட்டரிகிட்ட சரக்கு இருக்கு, வெளிய போக வழி இல்ல. மீட்டர் இல்லாதவங்க ராத்திரில ஹெட்லைட்ட போட்டுட்டு சாவி திருப்புங்க, 'டக்'குங்கறப்ப லைட் செத்துப் போற மாதிரி மங்குனா கோளாறு பேட்டரிலயோ மோட்டார்லயோ இருக்கு, லைட் கொஞ்சம் மட்டும் மங்கி நல்லாவே எரிஞ்சா பாதைல எங்கயோ அடைப்பு, இல்லன்னா சொலினாய்டு உள்ள கான்டாக்ட் போயிருக்கு. இது மலைல நடு ரோட்டுல நின்னுட்டாலும் செய்யலாம்.

அடுத்தது பிளஸ் பக்கம். மீட்டரோட ஒரு முனைய பேட்டரி பிளஸ் கம்பத்துலயே, கிளாம்ப் மேல இல்ல, கம்பத்துலயே வெச்சு, இன்னொரு முனைய செல்ஃப்ல தடி ஒயர் வர்ற போல்ட்டுல, 30ன்னு போட்டிருக்கும், அதுல வெச்சு சாவி திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா போதும், அதனால பிளஸ் ஒயர் நல்லா இருக்கு. அடுத்தது மைனஸ் பக்கம். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பம், இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரோட உடம்பு, பெயின்ட் இல்லாத எடமா சுரண்டிட்டு வெச்சேன். சாவி திருப்புனதும் 8.2 வோல்ட். கால் வோல்ட்டுக்குள்ள இருக்க வேண்டிய எடம் அது. பேட்டரில இருந்த 11.8ல பிளஸ் ஒயர்ல 0.2, மைனஸ் பாதைல 8.2 போக மோட்டாருக்கு மிஞ்சுனது 3.4 வோல்ட்தான், அத வெச்சு எந்த மோட்டாரும் சுத்தாது. பக்கத்துல நின்ன எலக்ட்ரீஷியன் அண்ணா மீட்டர வாங்கி அவரே ஒருவாட்டி வெச்சு பாத்தாரு, அதே 8.2. ஸ்பேனர எடுத்து பைல போட்டுட்டாரு.

அந்த நேரத்துல டிரைவர் தம்பி உள்ளேர்ந்து, "அண்ணே, ஸ்டாப்பர் கேபிளு சுடுதுண்ணே"ன்னான். கைய வெச்சு பாத்தா டேஷ்போர்டுக்கு கீழ கேபிளோட மேல் சுத்து கை வெக்க முடியாத சூடு, மேல இருக்கற பிளாஸ்டிக் உறை இளகி பளபளன்னு ஆயிடுச்சு, லேசா கருகுன நாத்தம். நூத்துக் கணக்கான ஆம்பியருக்கு சரியான வழி இல்லாததால கரன்ட்டு எஞ்சின்லேர்ந்து பம்ப் வழியா ஸ்டாப்பர் கேபிள்ல ஏறி, டேஷ்போர்டு இரும்புக்கு வந்து, அங்கேர்ந்து பாடி வழியா பேட்டரிக்கு திரும்பப் பாத்திருக்கு. எஞ்சினையும் பாடியையும் தொடற எல்லா இரும்புலயும் அப்படித்தான் போகும், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்சர் கொக்கி, புரொப்பல்லர் ஷாஃப்ட் வரைக்கும். பேரிங் வழியா போச்சுன்னா பேரிங்ல பொத்தல் விழும், கேபிள் தீஞ்சு உள்ள ஒட்டிக்கிட்டா ஆக்சிலரேட்டர் அமுக்குனது அமுக்குனபடி நிக்கும், ஏற்காடு எறக்கத்துல அப்படி ஆச்சுன்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அதனால 'டக்'னு சொல்ற வண்டில சாவிய திரும்பத் திரும்ப போட்டு பாக்கவே கூடாது. செல்ஃப் போட்டதும் ஏதாவது ஒரு கேபிள் சுட்டுச்சுன்னா மீட்டரே வேணாம், எஞ்சின் எர்த் இல்லன்னு முடிவு பண்ணிடலாம்.

டெம்பரேச்சர் முள்ளு நகந்ததும் இதனாலதான். டெம்பரேச்சர் சென்சார், ஆயில் பிரஷர் சென்சார் ரெண்டுக்கும் எஞ்சின் உடம்புதான் எர்த், ஆல்டர்னேட்டருக்கும் அதுதான். ஹெட்லைட் போட்டா ஆல்டர்னேட்டர்லேர்ந்து அதிக கரன்ட்டு கெளம்புது, அது திரும்பி வர்ற வழி சரியில்லாததால எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு வோல்டேஜ் நிக்குது, அத டெம்பரேச்சர் மீட்டர் சூடுன்னு நெனச்சுக் காட்டுது. தண்ணியோட சூடு ஒரு சுவிட்ச போட்ட நொடில மாறவே மாறாது. எஞ்சின் மாத்துன வண்டில லைட் போட்டதும் மீட்டர் முள்ளு ஆடுதுன்னு டிரைவர் யாராவது சொன்னா அத காதுல வாங்கிக்கோங்க.

ஜம்பர் கேபிள் ஒண்ண எடுத்து பேட்டரி மைனஸ்லேர்ந்து நேரா எஞ்சின் கொக்கிக்கு குடுத்தேன். ஸ்டாப்பர உள்ள தள்ளிட்டு சாவி போடச் சொன்னா ஒரே சுத்துல எஞ்சின் புடிச்சுச்சு. மாமா "இதுக்குத்தானா மாப்ள இவ்ளோ நாளா தள்ளுனோம்"னு சிரிச்சாரு. அடியில டார்ச் அடிச்சு தேடுனதுல எர்த் ஸ்ட்ராப் கெடைச்சுச்சு, சேஸி பக்கம் போல்ட் ஆகி, இன்னொரு நுனி சும்மா தொங்கிக்கிட்டு, மேல சேறு அப்பி இருந்துச்சு. கியர்பாக்ஸ்ல அது மாட்ட வேண்டிய ஓட்டைல புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தாங்க.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. அத அப்படியே போல்ட் போட்டு முறுக்கி விட்டா பாதி வேலைதான் ஆகும். பெயின்டும் ரப்பர் மாதிரிதான், கரன்ட்ட விடாது. செகண்ட்ஸ் எஞ்சின பளிச்சுனு காட்டறதுக்காக மொத்தமா பெயின்ட் அடிச்சு விக்கறாங்க, அதனால ஸ்ட்ராப் உக்கார்ற எடம், பெல் ஹவுசிங்ல செல்ஃப் மோட்டார் உக்கார்ற முகம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லா எடத்துலயும் பெயின்ட் இருக்கும். ஸ்ட்ராப் மாட்டுன அப்புறமும் மோட்டார் உடம்புக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவுல வோல்டேஜ் காட்டுச்சுன்னா மோட்டாரோட முகத்துல பெயின்ட் இருக்குன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பக்க எடத்தையும் எமரி போட்டு இரும்பு மின்னற வரைக்கும் தேச்சு, பல்லு வாஷர் போட்டு, முறுக்குனதுக்கு அப்புறம் மேல வாசலின் தடவி விட்டோம். ஏற்காட்டு ஈரத்துக்கு தடவலன்னா கொஞ்ச காலத்துல பச்சை பூத்துடும். அதோட பேட்டரி பிளஸ் ஒயர் எவ்வளவு தடியோ அதே தடில இன்னொரு ஒயர் வாங்கி, ரெண்டு பக்கமும் லக்க (போல்ட்ல மாட்டற வளையம்) நல்லா அமுக்கி, பேட்டரி மைனஸ்லேர்ந்து நேரா எஞ்சினுக்கே தனியா போட்டுட்டேன். சேஸி வழி ஒண்ணு, நேர் வழி ஒண்ணு. முடிச்சுட்டு திரும்ப ஸ்டாப்பர இழுத்துப் புடிச்சு அளந்தா மைனஸ் பக்கம் 0.2க்குள்ள, சுத்தறப்ப பேட்டரி 10.6. மோட்டார் நல்லா கரன்ட் இழுக்குது, அதனாலதான் பேட்டரி அவ்ளோ எறங்குது, அது ஆரோக்கியமான எறக்கம்.

எல்லா 'டக்'கும் எர்த்தால வராது, அதையும் சொல்லணும். மைனஸ் பக்கம், பிளஸ் பக்கம் ரெண்டும் சரியா இருந்து, மோட்டார் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல சாவி திருப்பறப்ப முழு வோல்டேஜ் நிக்குது, ஆனாலும் சுத்தலன்னா அப்ப மோட்டார கழட்டுங்க, கார்பனோ சொலினாய்டுக்குள்ள இருக்கற செம்பு கான்டாக்ட்டோ போயிருக்கும். 'டக்' சத்தமே வரலன்னா 50ன்னு போட்டிருக்கற சின்ன முனைக்கு வோல்டேஜ் வருதான்னு பாருங்க, பழைய ஜீப்புல சாவி சுவிட்ச் தேஞ்சு எட்டு வோல்ட்தான் வந்து சேரும், ஒரு ரிலே போட்டா தீந்துடும். 'டகடகடக'ன்னு விடாம அடிச்சா பெரும்பாலும் பேட்டரி எறங்கியிருக்கு, இல்ல பேட்டரி முனை லூசு. இன்னொண்ணு, சேலத்துல, சங்ககிரில லாரி பழைய சாமான் கடைல செல்ஃப் எடுக்கறவங்க மோட்டார் மேல இருக்கற பிளேட்ட படிச்சுட்டு எடுங்க, நெறைய லாரி மோட்டார் 24 வோல்ட், ஜீப்பு 12 வோல்ட், வெளில பாக்க ஒண்ணு போலவே இருக்கும், 12 வோல்ட்ல அது மெதுவா சோம்பலா சுத்தும், நீங்க பேட்டரிய குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

செல்ஃப் மோட்டாரோட சுபாவம் தெரிஞ்சுக்கறது நல்லது. 1912 காடிலாக் கார்லதான் கம்பெனிலேர்ந்தே எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் மாட்டி வர ஆரம்பிச்சுச்சு, அத செஞ்ச சார்லஸ் கெட்டரிங் அதுக்கு முன்னாடி கடைல இருக்கற கேஷ் ரெஜிஸ்டருக்கு மோட்டார் வெச்சவரு. ரெண்டுக்கும் ஒரே யோசனைதான், கொஞ்ச நேரம் மட்டும் பெரிய வேலை செய்யற சின்ன மோட்டார். அத தொடந்து ஓட்டுனா வெந்துடும். அதனால ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல புடிக்காதீங்க, நடுவுல ஆற விடுங்க. மார்கழி காலைல ஏற்காட்டு குளுர்ல ஆயில் கெட்டியாகி பேட்டரியும் சோந்து போயிருக்கும், அப்ப இன்னும் பொறுமை வேணும்.

எர்த் சரியானதுக்கு அப்புறம் வண்டி நல்லா எடுத்துச்சு, ஆனா எப்பயாவது ஒருவாட்டி 'கிர்ர்ர்'னு பல்லு அரையற சத்தம் வந்து எஞ்சின் சுத்தாது. திரும்ப போட்டாலும் அதே. கியர்ல போட்டு வண்டிய ஒரு அடி நகத்திட்டு போட்டா உடனே எடுக்கும். இது கரன்ட் விஷயம் இல்ல, ரிங் கியர், அதாவது எஞ்சினோட ஃப்ளைவீல் சக்கரத்த சுத்தி இருக்கற பல்லு வளையம். நாலு சிலிண்டர் எஞ்சின நிறுத்துனா கம்ப்ரஷன் தள்ளி எப்பவும் ஏறக்குறைய எதிரெதிரா இருக்கற அதே ரெண்டு எடத்துலதான் வந்து நிக்கும், வருஷக் கணக்கா பெண்டிக்ஸ் பல்லு (செல்ஃப் நுனில இருக்கற சின்ன கியர்) அதே எடத்துலயே போய் மோதி அந்த எடத்துல மட்டும் ஃப்ளைவீல் பல்லு தேயும். வண்டிய நகத்துனா வேற பல்லு வருது, புடிக்குது. நகத்துனாலும் மாறாம, மோட்டார் மட்டும் 'வ்வ்ர்ர்'னு தனியா சுத்துச்சுன்னா அது பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்கறது, ரெண்டுக்கும் சத்தம் வேற, ஒருவாட்டி கேட்டுட்டா மறக்காது. எலக்ட்ரீஷியன் அண்ணா "தம்பி, இத எஞ்சின் வாங்கறப்பவே பாத்திருக்கணும், ஃப்ளைவீல ஒரு சுத்து சுத்திவிட்டு பல்லு மேல வெரல ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிருக்கும்"னாரு. ரொம்ப சரி. கியர்பாக்ஸோட சேக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ வேலை, சேத்த அப்புறம் ஒரு நாள் வேலை. அப்படியே பழைய செல்ஃபோட பெண்டிக்ஸ் பல்ல புது எஞ்சினோட ரிங் கியர்ல கையாலயே வெச்சு பாத்துக்கோங்க, பல்லு அளவு ஒத்துப் போகலன்னா ஒண்ண ஒண்ணு தின்னுடும்.

பறிப்பு முடிஞ்சு வண்டிக்கு வேலை கொறஞ்ச நேரத்துல ஜீப்ப சேலம் எறக்கி கியர்பாக்ஸ கழட்டி ரிங் கியர் மாத்துனோம். பழச தட்டி எடுத்துட்டு புதுச நெருப்புல சூடு காட்டி விரிய வெச்சு ஃப்ளைவீல் மேல எறக்குவாங்க, ஆறுனதும் கப்புனு புடிச்சுக்கும். ரொம்ப சூடு காட்டுனா பல்லோட டெம்பர் (கெட்டித்தன்மை) போயிடும், அதனால பழகுன ஆளுகிட்டதான் குடுக்கணும். கியர்பாக்ஸ் கீழ இருக்கறப்பவே கிளட்ச் பிளேட்டும் மாத்திட்டோம், அதுக்குன்னு இன்னொருவாட்டி எறக்கற கூலி மிச்சம். செல்ஃப் மோட்டார் கழண்டது அன்னைக்குத்தான். வெளில வந்துடுச்சேன்னு தெறந்து பாத்தோம், கார்பன் பாதிக்கு மேல இருந்துச்சு, கார்பன் உரசற கம்யூட்டேட்டர் சுத்தம், ஃபீல்ட் காயில் சுத்தம். ஷாஃப்ட்ட தாங்கற ஒரு புஷ் மட்டும் ஆட்டம் குடுத்துச்சு, அத மாத்தி, முகத்துல மிச்சம் இருந்த பெயின்ட்ட சுரண்டி திரும்ப மாட்டுனோம், அதே மோட்டார்தான் இன்னும் ஓடுது.